டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே?

பயணம் என்று முடிவானதும் நான் முதலில் திறப்பது எக்செல். வேலைப் புத்தி. மதுரையிலிருந்து மூணாறு, மூன்று நாள், ஒரு கார், நான்கு பேர்: நான், மனைவி, அப்பா, அம்மா. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வரி. தூரம், நேரம், டீ எங்கே கிடைக்கும், அம்மாவுக்குக் கழிப்பறை எங்கே. முதல் நாள்: தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, கேப் ரோடு, தேவிகுளம், மூணாறு. இரண்டாம் நாள்: மாட்டுப்பட்டி அணை, குண்டளை அணை, டாப் ஸ்டேஷன். மூன்றாம் நாள் ராஜமலை, வரையாடு, திரும்புதல்.

ஃபைலை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏய்யா, டாப் ஸ்டேஷன்னு போட்டிருக்கியே, அங்க ஸ்டேஷன் எங்க இருக்கு?" என்றார்.

தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. அப்பா பிறந்ததே அந்த மலையில்தான். ஆச்சி கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை எஸ்டேட்டிடம் ஒப்படைத்துவிட்டுக் கோவில்பட்டிப் பக்கம் இறங்கி வந்துவிட்டார். அதற்குப் பின் அப்பா அந்த மலைக்குப் போனதே இல்லை. நான் மட்டும் கல்லூரி நண்பர்களோடு இரண்டு முறை போய், போட்டோ எடுத்து, சாக்லேட் வாங்கி வந்திருக்கிறேன். டாப் ஸ்டேஷன் என்றால் ஒரு வியூ பாயிண்ட், அவ்வளவுதான் எனக்கு. ஸ்டேஷன் என்ற சொல் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அன்றிரவு தேட ஆரம்பித்தேன்.

கதை 1877-இல் தொடங்குகிறது. ஜான் டேனியல் மன்ரோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெறுகிறார். சில வருடங்களில் காட்டை வெட்டி என்னென்னவோ நட்டுப் பார்க்கிறார்கள். காப்பி, சிங்கோனா, ஏலம். கடைசியில் நிலைத்தது தேயிலை. பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. தேயிலையை விளைவித்துவிடலாம், பெட்டியில் அடைத்துவிடலாம், ஆனால் அந்த மலையிலிருந்து அதைக் கீழே எப்படிக் கொண்டுவருவது?

விடை வடகிழக்கில் இருந்தது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகப் போனால் மலை சட்டென்று முடிந்து, கீழே போடி சமவெளி தெரியும் ஒரு விளிம்பு வரும். அதுவரைக்கும் ஒரு வண்டிப்பாதை வெட்டினார்கள். 1902-இல் அந்தப் பாதையின் ஓரமாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். யூவிங் முறை என்று பெயர். வண்டியின் எடையில் பெரும்பங்கு தண்டவாளத்தில் ஓடும் சிறிய சக்கரங்கள் மீது இருக்கும். வண்டி சாய்ந்துவிடாமல், பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வரும். இழுத்தவை மாடுகள். படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மரியாதையும். காசு குறைவு, இடம் குறைவு, இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும் என்ற நிலையில் எந்த எஞ்சினியரும் யோசிக்கக்கூடிய ஒன்று அது.

1908-இல் அதை மாற்றி, இரண்டடி அகலத்தில் முறையான குறுகிய ரயில்பாதை போட்டார்கள். நீராவி எஞ்சின் வந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். மூணாற்றில் கிளம்பி, மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகப் போய், மலை விளிம்பில் முடியும். அந்த விளிம்பிலிருந்து கம்பிக்கயிற்றில் பெட்டிகள் தொங்கியபடி சுமார் 5 கி.மீ கீழே கொட்டகுடிக்கு இறங்கின. ரோப்வேயின் கீழ்முனை பாட்டம் ஸ்டேஷன். மேல்முனை டாப் ஸ்டேஷன். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் 15 கி.மீ போனால் போடி. அங்கிருந்து துறைமுகம், கப்பல், இங்கிலாந்து.

என் எக்செல்லின் இரண்டாம் நாளை மறுபடி பார்த்தேன். மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன். மூணாறு போகிற எல்லோரும் இரண்டாம் நாள் போடும் அதே வரிசை. அது சுற்றுலாத் துறை யோசித்துக் கண்டுபிடித்த வரிசை இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சரக்கு ரயிலின் பாதை. பழைய ப்ராஜெக்ட்களில் இப்படி நடக்கும். உள்ளே இருந்ததையெல்லாம் எப்போதோ அழித்திருப்பார்கள், ஃபோல்டர் பெயரை மட்டும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

அந்த ரயிலை அழித்தது மழை. 1924 ஜூலை. கேரளத்தில் இன்றைக்கும் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றுதான் சொல்கிறார்கள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால். மலைகள் சரிந்தன, மூணாறு நகரம் மூழ்கியது, தண்டவாளமும் நிலையங்களும் அடித்துச்செல்லப்பட்டன. மறுபடி கட்டவில்லை. ஆலுவாவிலிருந்து காட்டுக்குள்ளே மாங்குளம் வழியாக மூணாறு வந்த பழைய சாலையும் அந்த மழையில்தான் போயிற்று. அதற்குப் பதிலாக நேரியமங்கலம், அடிமாலி வழியாக வேறு பாதை போட்டார்கள். 1931-இல் அது தயாரானது. நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் இருக்கும் வளைவுப் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. கொச்சியிலிருந்து மூணாறு போகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கும் பாலம் அது. அதாவது, நாம் 'சீனிக் ரூட்' என்று சொல்வது, ஒரு பேரழிவுக்குப் பிறகு போட்ட மாற்றுப்பாதை.

இதையெல்லாம் காலையில் அப்பாவிடம் சொன்னேன். எஞ்சின், ரோப்வே எதுவும் அவரை ஆச்சரியப்படுத்தவில்லை.

"இறங்கும்போது தேயிலை, ஏறும்போது அரிசின்னு எங்கய்யா சொல்லுவாரு. பெட்டிக்குக் கயிறு. ஆளுக்குக் காலு."

அவருடைய தாத்தா, கங்காணி கொடுத்த முன்பணத்துக்காகப் போடியிலிருந்து நடந்தே மேலே போனவராம். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து அப்படி ஏறியவர்கள் ஆயிரக்கணக்கில். முன்பணம் கடனாகி, கடன் அடையாமல், திரும்பி இறங்குவது தள்ளிக்கொண்டே போன கதைதான் பெரும்பாலும். நான் படித்த ரயில்வே வரலாறுகளில் எஞ்சின்களுக்குப் பெயர் இருந்தது. தண்டவாளத்துக்கு மண் வெட்டியவர்களுக்கு இல்லை.

1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது இன்னொரு கோடு விழுந்தது. தமிழர்கள் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் பெரிய போராட்டம் நடந்தும், அவை கேரளத்துக்குப் போயின. டாப் ஸ்டேஷன் மட்டும் இந்தப் பக்கம், இப்போது தேனி மாவட்டத்தில். ஆனால் தேனியிலிருந்து அங்கே காரில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து, மூணாறு வரை போய், மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். சரக்கு நேராகப் போன வழி அந்தக் கயிறுதான். கூகுள் மேப் காட்டும் இந்தச் சுற்றுவழியை நான் முதலில் மேப்பின் தவறு என்று நினைத்தேன்.

கடைசியாக ராஜமலை வரிக்கு வந்தேன். வரையாடு பார்க்க மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். அப்பா அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதுக்கு அங்கிட்டுத்தான பெட்டிமுடி?"

ஆமாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்து 70 பேர் இறந்த இடம். மழையில் கரண்டும் போன் தொடர்பும் இல்லாததால் வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆனது. இறந்தவர்களில் பல குடும்பங்கள் கயத்தாறுப் பக்கத்துச் சொந்தங்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். செய்தி வந்த அன்று நான் பெங்களூரில் லாக்டவுனில் இருந்தேன். அப்பா போனில், "நம்ம ஆளுக" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது அந்த 'நம்ம' சரியாகப் புரியவில்லை.

மூணாறு சாலையில் மாட்டிக்கொண்டதைப் பற்றி ஒரு நண்பன் 2015-இல் புலம்பியது நினைவுக்கு வந்தது. அந்த செப்டம்பரில், போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடாமல், ஒன்பது நாள். கடைசியில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து, கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. எஸ்டேட் ஆபீஸ் வாசலில் எத்தனை பேர் நின்றாலும் வெளியே தெரிந்திருக்காது. சாலையில் உட்கார்ந்ததும் நாடு முழுக்கச் செய்தியானது. இந்தச் சாலை எதற்காகப் போடப்பட்டது என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பயணத்தை ரத்து செய்யவில்லை. அப்படிச் செய்வதில் அர்த்தமும் இல்லை. அந்த மலை அழகுதான், அப்பாவே அதைத்தான் அடிக்கடி சொல்வார். காலை வெயிலில் தேயிலை மேல் பனி ஆவியாகிப் போவதைப் பற்றி அவர் பேசினால் அம்மா வேலையை விட்டுவிட்டுக் கேட்பார். திட்டத்தைத்தான் மாற்றினேன். டாப் ஸ்டேஷனைக் காலை முதல் நிறுத்தமாக்கினேன். வெயில் ஏறினால் மேகம் வந்து கீழே எதுவும் தெரியாது. கொட்டகுடி எந்தத் திசை என்று அப்பா காட்ட வேண்டும். போகும்போது போடியிலிருந்து கொட்டகுடிக்கு ஒரு நடை போய்வர இரண்டு மணி நேரம் சேர்த்தேன். சாக்லேட் கடையை எடுத்துவிட்டேன், மனைவி திரும்பச் சேர்த்துவிட்டாள்.

"உங்க லயத்துக்கும் ஒரு வரி போடவாப்பா?"

யோசித்தார். "உள்ள போகவேண்டாம். அங்க இப்ப வேற யாரோ குடியிருப்பாங்க. நாம போய் நின்னா அவங்களுக்குச் சங்கடம். ரோட்டுல வண்டிய ஓரமா நிறுத்து, நான் இறங்கிப் பாத்துக்கிடுறேன்."

இடத்தின் பெயருக்கு என்ன எழுத என்று கேட்டேன். மேப்பில் அந்த இடத்துக்குப் பெயரே இல்லை.

"பத்தாம் நம்பர் லயம்னு போடு. எத்தன நிமிசம்னு இப்பவே கேக்காத."

வரியைச் சேர்த்தேன். நேரத்துக்கான கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.