காற்றுலையும் சுயாதீன சக்தியும்

ஒரு நாட்டின் தொழில்நுட்ப வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்வெட்டுக்களையும் ஏடுகளையும் நாணயங்களையுமே சான்றாகக் கொள்வர். ஏட்டில் இடம்பெறாத உழைப்பாளரின் வரலாற்றை எழுதுவதற்கோ வேறுவகைச் சான்றுகள் வேண்டும். இலங்கையின் பண்டைய இரும்புத் தொழிலைப் பொறுத்தவரை அத்தகைய சான்றுகளின் பொருளை விளங்கிக்கொள்ள இரசாயனவியலின் சுயாதீன சக்திக் கோட்பாடு பெரிதும் துணைபுரிகின்றது. கலைப்பீட மாணவர்க்கு அக்கோட்பாடு அந்நியமாகத் தோன்றலாம். ஆயின், எந்த மாற்றம் தன்னியல்பாக நிகழும், எது நிகழாது என்ற வினாவே அதன் உயிர்நாடியாகும். மாற்றத்தை ஆராயும் வரலாற்று மாணவனும் அவ்வினாவுக்குப் புறம்பானவன் அல்லன்.

வெப்பத்தை வெளிவிடும் தாக்கங்களே தன்னியல்பாக நிகழும் எனப் 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த தொம்சனும் பிரான்சைச் சேர்ந்த பெர்த்தலோவும் கருதினர். ஆயின், பனிக்கட்டி வெப்பத்தை உட்கொண்டே உருகுகின்றது. எவரும் தூண்டாமலே உருகுகின்றது. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழியை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிப்சு 1873 முதல் 1878 வரை வெளியிட்ட கட்டுரைகளில் வகுத்தார். வெப்ப மாற்றம் ஒன்று. எந்திரப்பி எனப்படும் ஒழுங்கின்மையின் மாற்றம் மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதை வெப்பநிலையாற் பெருக்கி முதலாவதிலிருந்து கழிக்கப் பெறுவதே சுயாதீன சக்தியின் மாற்றம். மாறா வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சுயாதீன சக்தி குறையுமாயின் மாற்றம் தன்னியல்பாக நிகழக்கூடியது. கூடுமாயின் அது தானாக நிகழாது.

இங்கு ஒன்றை வற்புறுத்துதல் வேண்டும். தன்னியல்பானது என்பது விரைவானது என்று பொருள்படாது. இரும்பு துருப்பிடித்தல் எங்கும் தன்னியல்பான மாற்றமே. கடலோரத்து வத்தளையில் வீட்டுப் படலை சில ஆண்டுகளில் அரிக்கப்படுகின்றது. உலர்ந்த உள்நாட்டில் அதே படலை நெடுங்காலம் நிற்கின்றது. உப்பும் ஈரமும் மாற்றத்தின் வேகத்தைக் கூட்டுகின்றனவேயன்றி அதன் திசையைத் தீர்மானிப்பதில்லை.

இரும்புத் தாது என்பது ஒட்சிசனோடு கூடிய இரும்பு. சாதாரண வெப்பநிலையில் அதனைக் கரியோடு கலந்து வைத்தால் ஆண்டுகள் பல கழியினும் இரும்பு பிறவாது. வெப்பநிலை ஏற ஏற நிலைமை மாறுகின்றது. கரி ஒட்சிசனோடு கூடி வாயுவாக வெளியேறுகையில் ஒழுங்கின்மை மிகுகின்றது. அம்மிகுதியை வெப்பநிலை பெருக்கிக் காட்டுகின்றது. ஏறத்தாழ 700 பாகை செல்சியசைக் கடந்ததும் கரி இரும்பிலிருந்து ஒட்சிசனைக் கவர்தல் தன்னியல்பான தாக்கமாகிவிடுகின்றது. உலையினுள்ளே இவ்வேலையைப் பெரிதும் செய்வது கரி எரிதலால் உண்டாகும் காபனோரொட்சைட்டு வாயுவே. உலோக ஒட்சைட்டுகளின் இத்தகைய இயல்புகளை எலிங்கம் 1944இல் ஒரே வரைபடத்தில் ஒப்பிட்டுக் காட்டினார்.

அவ்வரைபடத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்நெறி இந்நாட்டின் மலைச்சரிவுகளில் நடைமுறையில் இருந்தது. பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவெவ நீர்மின் திட்டம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1980களின் இறுதியில், அப்பகுதியில் தொல்லியற் களஆய்வு மேற்கொள்ளப்பட்டது. கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் அங்கு மேற்கு நோக்கிய உலைகளைக் கொண்ட 77 இடங்களை இனங்கண்டார். அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. மலைமுகடுகளின் மேற்கு விளிம்பில் அமைந்த அவ்வுலைகள் தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொண்டன. முன்சுவரின் மேலாகக் காற்று விரைந்து செல்கையில் அங்கு அமுக்கம் குறைய, சுவரின் அடியிலுள்ள குழாய்களினூடே காற்று உள்ளே இழுக்கப்பட்டது. துருத்தி தேவைப்படவில்லை. 1994இல் அதே முறையில் உலை அமைத்துப் பரிசோதித்தபோது, காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. இம்முடிவுகள் 1996இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தன. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் சரந்தீபத்தைக் குறிப்பிட்டமையும் இதனோடு இணைத்து நோக்கற்பாலது.

சுயாதீன சக்திக் கோட்பாடு இத்தொழிலின் ஒரு பாதியையே விளக்குகின்றது. இன்ன வெப்பநிலையில் இரும்பு பிறத்தல் கூடும் என்று அது கூறும். அவ்வெப்பநிலையை எங்கே, எந்த மாதத்தில், எத்தகைய களிமண் சுவரைக் கொண்டு எய்தலாம் என்று கூறாது. அந்த மறுபாதி, காற்றின் போக்கையும் மலையின் சாய்வையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த மக்களின் அறிவு. இயற்கை இடமளித்தது, மனிதர் நிறைவேற்றினர். இவ்வறிவை வெறும் கைப்பழக்கம் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

கொழும்பிற் பிறந்தவரும் 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்தவருமான ஆனந்த குமாரசுவாமி, அழிந்துகொண்டிருந்த சிங்களக் கிராமிய இரும்புத் தொழிலைக் கண்டு பதிவுசெய்தார். அவர் கண்டது துருத்தி கொண்டு ஊதும் சிற்றுலை. காற்றுலைகளோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்து நினைவிலிருந்தும் மறைந்துவிட்டன. குமாரசுவாமி போன்ற ஒருவர் அவற்றின் காலத்தில் இருந்திருப்பின் நமக்கு ஓர் ஏடாவது எஞ்சியிருக்கும்.

ஏடில்லாத நிலையில் எஞ்சியது எது? இங்கும் சுயாதீன சக்தியே விடை பகர்கின்றது. அவ்வுலைகள் ஈன்ற உருக்கு ஈரமண்ணில் மீண்டும் ஒட்சிசனோடு கூடித் துருவாகும் திசையிலேயே செல்கின்றது. கழிவென எறியப்பட்ட கிட்டத்திலோ இரும்பு ஏற்கெனவே ஒட்சிசனோடும் சிலிக்காவோடும் பிணைந்துள்ளது. அது மாறினும் மிக மெதுவாகவே மாறும். ஆகவே, அரசரும் வணிகரும் போற்றிய வாள்கள் மறைய, தொழிலாளர் வீசியெறிந்த கிட்டக் குவியல்களும் உடைந்த உலைச்சுவர்களும் நிலைத்துள்ளன. காலம் நமக்கென விட்டுவைக்கும் சான்றுகள் நடுநிலையானவை அல்ல. எது நிலைக்கும் என்பதைப் பொருள்களின் இயல்பே முன்னரே தெரிவுசெய்துவிடுகின்றது. இவ்வுண்மையை உணராத வரலாற்றாசிரியன், இரும்புப் பொருள் கிடைக்காத இடத்தில் இரும்புத் தொழிலே இருந்ததில்லை என முடிவுகட்டக்கூடும். கிட்டத்தைப் படிக்கக் கற்றவனோ பெயரறியாத அம்மக்களுக்கு வரலாற்றில் உரிய இடத்தை அளிக்க வல்லவனாவான். விஞ்ஞானபீடத்தையும் கலைப்பீடத்தையும் பிரிக்கும் மதில் இத்தகைய ஆய்வுகளுக்கேனும் தாழ்வது நன்று.