இலட்சம் வோல்ட்

1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் விளையாட்டில், பிக்காச்சு கற்கக்கூடிய மின்தாக்குதல் ஒன்றுக்கு 'ஜூமான் போருட்டோ' என்று பெயர். ஜூ என்றால் பத்து. மான் என்றால் பதினாயிரம். 1998இல் ஆங்கிலத்துக்குச் சென்றபோது அது 'தண்டர்போல்ட்' ஆயிற்று. எண் உதிர்ந்து இடி மட்டும் மிஞ்சியது. ஆங்கிலத்தைக் குறைகூறிப் பயனில்லை. அங்கே அவ்வெண்ணை 'நூறு ஆயிரம்' என்றல்லவா நீட்டிச் சொல்ல வேண்டும்! கடத்தூரில் நாம் பேசும் தமிழிலோ அது ஒரே சொல்: இலட்சம். ஆங்கில வழியாகவே இப்பெயரை அறிந்த நாம் இழந்தது இதைத்தான்.

அளவும் நமக்கு அந்நியமன்று. தமிழகத்தின் உயரழுத்த மின்தடங்கள் பலவற்றில் ஓடுவது 1,10,000 வோல்ட். மண்வகை உயிர்களிடம் இத்தாக்குதல் பலிக்காது என்ற விதியோ, வீட்டில் 'எர்த்' போட்ட எவருக்கும் விளங்கும். 2013இல் இதன் தாக்குதிறனை 95இலிருந்து 90ஆகக் குறைத்தார்கள். ஜப்பானியப் பெயரிலுள்ள இலட்சத்தில் மட்டும் கைவைக்கவில்லை.