நோயாளியை நாடிச் சென்ற மருத்துவம்

மருத்துவமனை கட்டுவது அறம். நோயாளியை அங்கே உயிருடன் கொண்டு சேர்ப்பதும் அறமே. முன்னதைக் கல்வெட்டில் பொறிக்கிறோம், பின்னதை மறந்துவிடுகிறோம். அந்த இரண்டாவது அறம் திருவனந்தபுரத்தில் வளர்ந்த வகையை ஈண்டு நோக்குவோம்.

ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், கும்பகோணத்திற் பிறந்த டி. மாதவராவ் திவானாயிருந்த காலத்தில், 1865-ஆம் ஆண்டு இந்நகரின் பொது மருத்துவமனை திறக்கப்பெற்றது. மருத்துவக் கல்லூரியைப் பிரதமர் நேரு 1951-இல் தொடங்கிவைத்தார். இரண்டும் பெரும் பேறுகளே. ஆயினும் வாயில்வரை வந்து சேரும் பொறுப்பு நெடுங்காலம் நோயாளியின் சுற்றத்தாருடையதாகவே இருந்தது.

காயமுற்றோரை நாடி மருத்துவமே விரைய வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பியப் போர்க்களத்திற் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லாரே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதற்கெனக் குதிரை வண்டிகளை அமைத்தார். சாதாரண மக்களுக்கும் முதலுதவி கற்பிக்க 1877-இல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது.

நம் நாட்டில் 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவை, 2010-இல் 25 வண்டிகளுடன் திருவனந்தபுரம் மாவட்டத்திற்கு வந்தது. 2019-இல் அது 'கனிவு' என்ற பெயருடன் 315 வண்டிகளாகக் கேரளம் முழுவதும் பரவியது. ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற உதவியாளரும் வருவதால், சிகிச்சை வழியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால், சாலை கடற்கரையோடு முடிந்துவிடுகிறதன்றோ? 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வீசியபோது பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர் பலர் கடலில் மாண்டனர். கரையிலிருந்தோர் தம் படகுகளிலேயே உறவினரைத் தேடிச் சென்றனர். மறு ஆண்டு ஆகஸ்டில் உள்நாட்டை வெள்ளம் சூழ்ந்தபோது, இம்மாவட்டத்து மீனவர்களே படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, முதியோரையும் கருவுற்ற பெண்களையும் மீட்டனர். துயருற்றவர்களே பிறர் துயர் துடைத்த செயல் இது. 2020-இல் கேரள மீன்வளத் துறை கடல் ஆம்புலன்சுகளை இறக்கியது. கடலில் உதவிக்குக் காத்திருந்த மக்களுக்கு அது காலம் தாழ்ந்து கிடைத்த ஆறுதல்.

வண்டியோ படகோ வந்து சேருமுன் கழியும் சில நிமிடங்களே உயிரை முடிவு செய்கின்றன. அப்போது அருகில் நிற்பவர் அயலாரே. போலீஸ் விசாரணைக்கு அஞ்சி அவர் ஒதுங்கியதும் உண்டு. காயமுற்றவருக்கு உடனே சிகிச்சையளிப்பது மருத்துவரின் கடமை என உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காப்பளிக்கிறது.

அச்சத்திற்கு இனிக் காரணமில்லை, அறியாமைக்கும் இடமிருத்தலாகாது. இரத்தப் பெருக்கை அழுத்தி நிறுத்தவும், நின்ற இதயத்தை இயக்க மார்பை அழுத்தவும் ஒவ்வொரு தெருவிலும் சிலரேனும் கற்றிருத்தல் வேண்டும். அரசின் வண்டி விரைந்து வரட்டும். அதுவரை உயிரைக் காத்து நிற்பது ஊராரின் கையில் இருக்கிறது.