உதடு பயின்ற பாடம்

1912ஆம் ஆண்டின் இறுதி இரவு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் புத்தாண்டுக் கொண்டாட்டத்தினிடையே 11 வயதுச் சிறுவன் ஒருவன் கைத்துப்பாக்கியை வானோக்கிச் சுட்டான். காவலர் பிடித்தனர். கறுப்பினச் சிறுவர்க்கான காப்பகத்துக்கு அவனை அனுப்பியது நீதிமன்றம். அவனே பின்னாளில் ஜாஸ் இசையின் தலைமகனான லூயி ஆம்ஸ்ட்ராங்.

அங்கே வாத்தியக் குழுவைப் பயிற்றியவர் பீட்டர் டேவிஸ். கெட்ட பேட்டையிலிருந்து வந்தவன் என்று அவனை முதலில் அவர் ஒதுக்கியே வைத்தார். பிறகு, கஞ்சிராவை ஒத்த டாம்பரின் கொடுத்தார், அடுத்து ஆல்டோ கொம்பு, அதன்பின் பியூகிள், முடிவில் கார்னெட்.

இவ்வரிசை திட்டமிட்டதென்று சொல்வதற்கில்லை. எனினும் இதனினும் நல்ல வரிசை உண்டோ என்பது ஐயமே. நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது. பித்தளைக் கருவியிலோ ஊதுபவன் உதடே சீவாளி. பியூகிளில் விரலுக்கு வேலையில்லை. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சாலுமே சுரங்களைப் பிரித்தெடுக்க வேண்டும். அவ்வாறு பழகிய உதட்டுக்குத்தான் மூன்று விசைகளுள்ள கார்னெட் வாய்த்தது.

குழுவின் தலைவனாகித் தன் பழைய பேட்டை வழியே ஊதிச் சென்றபோது, மக்கள் காசுகளை வாரி வழங்கினர் என 1954இல் வெளிவந்த தன் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார்.

1914 ஜூனில் விடுதலை. பகலில் கரிவண்டி ஓட்டினான். இரவில் மதுக்கூடத்தில் கார்னெட் ஊதினான்.