ராஜஸ்தானின் மாநிலச் சின்னங்களும் 'தரிசு' எனப்படும் நிலமும்

ராஜஸ்தான் அரசு 1981இல் கானமயிலை மாநிலப் பறவையாகவும் சிங்காரா மானை மாநில விலங்காகவும் அறிவித்தது. 1983இல் கேஜ்ரி மாநில மரமாகவும் ரோஹிடா மாநில மலராகவும் ஆயின. 2014இல் ஒட்டகமும் இந்த வரிசையில் சேர்ந்தது. ஆரவல்லிக்குக் கிழக்கே காடும் ஆறும் வளமான வயலும் இருந்தும், அரசு தன் அடையாளங்களைப் பெரும்பாலும் மேற்கிலுள்ள வறண்ட நிலத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த நிலம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெருமளவு தரிசு என்றே எழுதப்பட்டிருக்கிறது. உயிரினத்துக்குச் சின்னத் தகுதியும் அது வாழும் மண்ணுக்குப் பயனற்ற நிலம் என்ற பெயரும் ஒரே அரசிடமிருந்து வருகின்றன. சின்னங்களின் இன்றைய சரிவுக்கு இந்த முரண்பாடே முதன்மையான காரணம் என்பது என் வாதம்.

சின்ன அறிவிப்புக்குத் தனியாகச் சட்ட வலிமை கிடையாது. கானமயிலுக்கும் சிங்காராவுக்கும் இருக்கும் பாதுகாப்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலிருந்து வருவது. கேஜ்ரிக்கு அத்தகைய கவசம் இல்லை. பட்டா நிலத்திலுள்ள கேஜ்ரியை அனுமதியின்றி வெட்டினால் 1955ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம்தான் பாயும். அதன்படி முதல் குற்றத்துக்கு அபராதம் மரம் ஒன்றுக்கு அதிகபட்சம் 100 ரூபாய். சூரிய மின்நிலையங்களுக்காகக் கேஜ்ரி வெட்டப்படுவதை எதிர்த்து பிக்கானேர் பகுதி மக்கள் அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து போராடியபோது, தனிச் சட்டம் வேண்டும் என்பதே அவர்களின் முதல் கோரிக்கையாக இருந்தது.

கேஜ்ரி நமக்கு அந்நிய மரமன்று, நம் வன்னியேதான். விருத்தாசலம் கோயிலின் தலமரம் அது. மேற்கு ராஜஸ்தானின் மார்வாரில் அது பயிரோடு சேர்ந்து வளர்கிறது. நிலத்தை உழும் உழவர் கேஜ்ரிக் கன்றைக் கண்டால் ஏரை ஒதுக்கி ஓட்டுவார். ஆழ வேரோடும் மரமாதலால் கம்பு மேல்மண்ணில் தேடும் ஈரத்துக்கு அது போட்டியிடுவதில்லை. வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது. குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து, 'லூங்' எனப்படும் இலையை உலர்த்தி ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் சேமித்து வைக்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில் பறிக்கும் பிஞ்சுக்காய்தான் 'சாங்ரி'. உலர்த்தி வைத்தால் ஆண்டு முழுவதும் கறிக்கு ஆகும். மழை பொய்த்த ஆண்டிலும் இவ்வளவும் தரும் மரத்துக்காக மக்கள் உயிர் கொடுத்ததில் வியப்பில்லை. 1730இல் ஜோத்பூர் மன்னர் அபய் சிங்கின் ஆட்கள் கேஜர்லி ஊரில் மரம் வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி முதலாக 363 பிஷ்னோய் மக்கள் மரங்களைத் தழுவி நின்று வெட்டுப்பட்டு இறந்தார்கள் என்பது மரபு. அரசாணைக்கு 250 ஆண்டுகள் முன்பே அந்த மரம் சின்னமாகிவிட்டது. அரசு செய்ததெல்லாம் ஏற்கெனவே இருந்த மரியாதையைப் பதிவுசெய்ததுதான்.

கானமயிலின் நிலை கேஜ்ரியின் நிலையைவிடக் கொடிது. மயில் தேசியப் பறவையாக 1963இல் அறிவிக்கப்படுவதற்கு முன், அந்த இடத்துக்குச் சாலிம் அலி முன்மொழிந்த பறவை இது. இன்று உலகில் எஞ்சியிருப்பது 150க்கும் குறைவு என்பது பரவலான மதிப்பீடு; அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜெய்சால்மர் பகுதியில் வாழ்கின்றன. ஆண் பறவை 15 கிலோ வரை எடையுள்ளது. கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால் நேர் எதிரே இருப்பதைச் சரியாகக் காண முடியாது. உயர்மின் கம்பி அருகே வந்தபின் கண்ணில் பட்டாலும் அந்தக் கனத்த உடலைத் திருப்ப அவகாசமில்லை. பெட்டை பெரும்பாலும் ஒரே முட்டையை வெறுந்தரையில் இடுகிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம், ஆண்டுக்குச் சில பறவைகளைக் கம்பியில் இழந்தாலே தேறாது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்கு விதித்த அந்தக் கட்டுப்பாட்டை 2024 மார்ச்சில் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது.

காலநிலை நெருக்கடியில் இந்தக் கம்பிகள் கொண்டுசெல்லும் சூரிய மின்சாரம் இன்றியமையாதது என்ற எதிர்வாதத்தை நான் மறுக்கவில்லை. பட்லாவில் 2,245 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்பூங்கா எழுந்தது நாட்டுக்குத் தேவையான சாதனையே. மின்சாரம் வேண்டுமா என்பதல்ல, எந்த நிலத்தில் என்பதே கேள்வி. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தால், அதை யாருக்கும் கொடுக்கலாம் என்ற முடிவு கோப்பிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. சாம், ராம்தேவ்ரா இனப்பெருக்க மையங்களில் கானமயில் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். 2024இல் செயற்கைக் கருவூட்டல் வழியாகவும் குஞ்சு பொரிந்தது. போற்றத்தக்க உழைப்பு அது. ஆனால் அவற்றைத் திறந்துவிடக் கம்பியில்லாத சேவண் புல்வெளி வேண்டும்.

ஒட்டகத்தின் கதை வேறு பாடம் சொல்கிறது. சின்னமான மறு ஆண்டே, 2015இல், அதைக் கொல்வதையும் வெளிமாநிலத்துக்குக் கொண்டுசெல்வதையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நல்லெண்ணத்தில் பிறந்த சட்டம்தான். ஆனால் ஆண் ஒட்டகங்களைப் புஷ்கர் சந்தையில் விற்றுத்தான் ஒட்டகம் வளர்க்கும் ரைகா சமூகத்தார் மந்தையைக் காப்பாற்றிவந்தனர். வெளியூர் வாங்குவோர் குறைந்ததும் விலை வீழ்ந்தது. 2012 கணக்கெடுப்பில் 3.26 லட்சமாக இருந்த ராஜஸ்தான் ஒட்டகங்கள் 2019இல் 2.13 லட்சமாயின. பழி முழுவதையும் சட்டத்தின்மேல் போடுவது நியாயமன்று. டிராக்டரும் கால்வாய்ப் பாசனமும் மேய்ச்சல் நிலச் சுருக்கமும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. ஆயினும் சட்டம் ஒட்டகத்தைக் கண்டதே தவிர மேய்ப்பவரையும் மேய்ச்சலையும் காணவில்லை.

கேஜ்ரியும் ரோஹிடாவும் சிங்காராவும் ஒட்டகமும் ஒருங்கே காணக்கிடைக்கும் இடங்கள் ஓரண்கள். பாபுஜி போன்ற நாட்டார் தெய்வங்களின் பெயரால் ஊரார் விட்டுவைத்த பொதுநிலங்கள் அவை. அங்கே கோடரி படாது, மந்தை மேயலாம். ஜெய்சால்மரின் தேக்ராய் ஓரண் வழியாக இன்று உயர்மின் கம்பிகள் செல்கின்றன. ஓரண்களைத் தரையிலும் செயற்கைக்கோள் வழியும் அளந்து, காடுகளாக அறிவிக்குமாறு 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு ஆணையிட்டது. காடு என்ற தகுதி வரும்போது மேய்ச்சல் உரிமை பறிபோகுமோ என்ற ஊராரின் அச்சத்துக்கும் அரசு விடைசொல்ல வேண்டும். அளந்து முடியும்வரை எந்த ஓரண் நிலத்தையும் எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்கக் கூடாது. அளந்தபின் வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்ற சொல்லை அடித்துவிட்டு, ஓரண் என்றே எழுதி, மேய்ச்சல் உரிமையையும் அதே வரியில் சேர்க்க வேண்டும்.