தன் மறைவை நாடிய கருவி

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டுமல்ல என்று வகுப்பில் ஓயாது சொல்லி வந்தவன் நான். கருவிகளுக்கும் வரலாறு உண்டு. கைப்பேசிச் செயலிகளை உருவாக்க உதவிய ஒரு கருவித் தொகுதியின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

2008-ஆம் ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான செயலி அங்காடியைத் திறந்தது. ஐபோனுக்கு எழுத ஆப்ஜெக்டிவ்-சி மொழி. பிளாக்பெரிக்கும், பின்னர் வந்த ஆண்ட்ராய்டுக்கும் ஜாவா. ஒரே செயலியைக் கைப்பேசிக்குக் கைப்பேசி புதிதாக எழுத வேண்டியிருந்தது. இணையப் பக்கமோ எல்லாக் கைப்பேசிகளிலும் திறக்கும். ஆனால் அது உலாவி என்னும் கூண்டுக்குள் அடைபட்டது. காமிராவைத் தொட அதற்கு உரிமை இல்லை.

கனடா நாட்டு வான்கூவரில் இருந்த நிட்டோபி என்னும் சிறு நிறுவனத்தார், அவ்வாண்டு சான்பிரான்சிஸ்கோவில் நடந்த ஐபோன் நிரலாளர் முகாமில் இதற்கு ஒரு வழி கண்டனர். முகவரிப் பட்டை முதலியவற்றை நீக்கிய வெற்று உலாவி ஒன்றைச் செயலிக்குள் வைத்தார்கள். பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட், "படம் எடு" என்று கேட்கும். இடையில் நிற்கும் பாலம் அதனை அக்கைப்பேசியின் மொழியில் மாற்றிச் சொல்லும். எடுத்த படத்தை மீண்டும் பக்கத்தினிடம் சேர்க்கும். இருமொழி அறிந்த தூதன் செய்யும் வேலைதான் இது! இதற்கு ஃபோன்கேப் என்று பெயரிட்டனர்.

2011 அக்டோபரில் அடோபி என்னும் பெருநிறுவனம் நிட்டோபியை விலைக்கு வாங்கியது. இங்கே சற்று நில்லுங்கள். விற்பனையோடு மற்றொரு செயலும் நிகழ்ந்தது. மூல நிரலை அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு நன்கொடையாக அளித்தனர். ஃபோன்கேப் என்ற பெயர் அடோபியிடமே இருந்தமையால், நன்கொடை நிரலுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. நிட்டோபியின் அலுவலகம் இருந்த தெருவின் பெயரால் அது கார்டோவா ஆயிற்று. 2013-இல் வந்த மூன்றாம் பதிப்பில் காமிரா, இருப்பிடம் முதலிய ஒவ்வொரு வசதியும் தனித்தனிச் செருகுநிரலாகப் பிரிக்கப்பட்டது. வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதனை ஆக்கியோர் ஒரு விந்தையான குறிக்கோளை வெளிப்படையாகவே கூறி வந்தனர். உலாவிகள் தாமே இவ்வசதிகளைத் தரும் நாளில் தங்கள் கருவி இல்லாதொழிய வேண்டும் என்பதே அது. கோபுரம் முடிந்ததும் சாரத்தை அவிழ்த்துவிடுவார்கள் அன்றோ? ஆசிரியனாகிய எனக்கு இது மிகவும் பிடித்த எண்ணம். மாணவனுக்கு நான் தேவைப்படாத நாளுக்காகத்தானே நானும் உழைத்தேன்!

2020-இல் அடோபி ஃபோன்கேப்பைக் கைவிட்டது. தன் கணிப்பொறிகளில் பிறருக்குச் செயலி கட்டித் தந்த சேவையையும் மூடியது. அதனையே நம்பியிருந்தோர் வேறு வழி தேட நேர்ந்தது. கார்டோவாவோ நிற்கவில்லை. நிரல் அறக்கட்டளையிடம் பொதுவில் இருந்ததால், தன்னார்வலர்கள் புதிய பதிப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டனர்.

இன்று இருப்பிடத்தையும் காமிராவையும் உலாவியே தருகிறது. ஆயினும் தொடர்பு முகவரிகளைப் படிப்பது போன்ற சில வசதிகள் எல்லா உலாவிகளிலும் இன்னும் கிட்டவில்லை. சாரத்தின் சில கழிகள் இன்னமும் கட்டியபடியே நிற்கின்றன.