முதுநிலை உயிரியல் ஆய்வேடு

தமிழ்நாட்டில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் முதலிய துறைகளில் எம்.எஸ்சி. பயில்வோர், பெரும்பாலும் இறுதிப் பருவத்தில், நெறியாளரின் வழிகாட்டலில் ஆய்ந்து எழுதி அளிக்கும் ஏடு. பேச்சு வழக்கில் ‘புராஜெக்ட்’.

தயாரிப்பு: மூலிகை ஆய்வாயின், செடியின் உலர்மாதிரியை வல்லுநரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்வது முதல் வேலை. பலர் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்தை நாடுவர். எலி போன்ற விலங்குகளில் சோதனை செய்ய, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் முன்அனுமதி கட்டாயம். பாக்டீரியா எதிர்ப்புச் சோதனையில், அகார் தட்டில் சாறு இட்ட குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் அளக்கப்படும். சோதனையை வழக்கமாக 3 முறை செய்து, சராசரியும் திட்டவிலக்கமும் அட்டவணையில் தரப்படும்.

சமர்ப்பித்தல்: முன்னுரை, முந்தைய ஆய்வுகள், பொருள்களும் முறைகளும், முடிவுகள், விவாதம், சுருக்கம், மேற்கோள் பட்டியல் என்பது பொது வரிசை. நெறியாளரின் சான்றிதழும் மாணவரின் உறுதிமொழியும் முகப்பில் இடம்பெறும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்துடனான ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

வாய்மொழித் தேர்வு: புறத்தேர்வாளர் முன் மாணவர் ஆய்வை விளக்குவார். ஒப்பீட்டுக் கட்டுப்பாடு எது, இந்தச் செறிவு ஏன் என்பன தவறாமல் எழும் கேள்விகள். எதிர்பார்த்த விளைவு கிடைக்காததும் முறையான முடிவே. அதை மறைக்காமல் காரணத்தோடு விளக்குவதே ஆய்வு நேர்மை.